உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறேன். 'சோற்றைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், புகையிலையை விடுங்கள்' என்று சொல்கிறார்கள். வீட்டுக்காரர்களும் தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை போனால் ஒன்றும் மாறியிருப்பதில்லை. மாணவர்களுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. நோய்த்தடுப்பையும் பழக்கத்தை மாற்றும் ஆலோசனையையும் வேறு எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?"

இது இவர் ஒருவருடைய கேள்வி இல்லை. நீண்ட காலம் இந்தப் பகுதிக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஒன்றுதான் இருந்தது. 2010இல் திருவாரூருக்கும் 2022இல் நாகப்பட்டினத்துக்கும் அரசுக் கல்லூரிகள் வந்தன. அதே 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு தொடர்ந்து போய்ப் பார்த்து வர வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகு என்ன பேசுவது என்பதை மாணவருக்கு யாரும் பழக்குவதில்லை. படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

என் பதில் இதுதான். ஆலோசனை சொல்வதை ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல ஒரு கைவேலையாக நினையுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் விரிவுரை நடத்திவிட்டு "போய்ப் பாருங்கள்" என்று நாம் விடுவதில்லை. பட்டையை எங்கே கட்டுவது, கையை எந்த உயரத்தில் வைப்பது என்று பக்கத்தில் நின்று திருத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். ஆலோசனைக்கும் அதே மூன்றும் வேண்டும்: செய்ய வைப்பது, பக்கத்தில் நின்று பார்ப்பது, மதிப்பெண் போடுவது. இதில் எது விட்டுப்போனாலும் "தினமும் நடங்கம்மா" என்பதோடு நின்றுவிடும்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கும் மாணவருக்கு ஒரே ஒரு கணக்கைக் காட்டுங்கள். தொற்றா நோய்கள் பற்றி 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கு. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகிறதா என்பதும், அதோடு என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் இனி நம் மாணவரின் வேலை.

முதல் வகுப்பில் பலகையில் எதையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு மாணவரும் தன்னுடைய பழக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் மாற்றிக் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். விடுதி டீயில் சர்க்கரை வேண்டாம் என்று இருப்பது, இரவு பதினொன்றுக்குக் கைபேசியை அணைப்பது, காலைச் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருப்பது, எதுவாகவும் இருக்கலாம். தினம் இரண்டு வரி எழுதி வரட்டும். பெரும்பாலானவர்கள் முதல் வாரம் தாண்டமாட்டார்கள். தேர்வு வந்தது, ஊருக்குப் போனேன், நண்பன் பிறந்தநாள் என்று காரணங்கள் வரும். அந்தக் காரணங்களைக் கேலி செய்யாமல் பலகையில் எழுதுங்கள். பிறகு, வயலில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்மணிக்கும் இதே காரணங்கள் இருக்குமா என்று கேளுங்கள். புரோசாஸ்காவும் டிக்ளமெண்ட்டும் 1983இல் எழுதிய மாற்றத்தின் படிநிலைகளை அதற்குப் பிறகு நடத்தினால் போதும். தன் கதையில் அந்தப் படிகளைப் பார்த்த மாணவர் மறக்கமாட்டார். புத்தகத்தில் படித்தவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்.

அடுத்தது, கேட்கப் பழக்குவது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். 1984இல் பெக்மேன், பிராங்கல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளும் மருத்துவர்களும் பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாகப் பதினெட்டே நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். கூட்டம் வழியும் நம் புறநோயாளிப் பிரிவில் பதினெட்டு நொடி கிடைத்தாலே பெரிய விஷயம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் கிராமத்தில் மாணவருக்குப் பின்னால் வரிசை நிற்பதில்லை. அவசரம் அவருக்குள் இருக்கிறது. தெரிந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்ற அவசரம்.

அதனால் ஒரு விதி வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் மாணவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அறிவுரை ஒன்று வாயில் வந்துவிட்டால் நீங்கள் லேசாக இருமுங்கள். கேள்வியும் "உப்பு அதிகம் சாப்பிடுவீர்களா?" என்பது போல ஆம், இல்லை என்று முடிவதாக இருக்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன நடந்தது, சொல்லுங்களேன்" என்பதுதான் கேள்வி.

அப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? சர்க்கரை நோய் உள்ள, நடவுக்குப் போகும் ஒரு பெண்மணியிடம் மாணவி பேசுவதாக வைத்துக்கொள்வோம். வகுப்பில் நடிக்க வைக்க இது நல்ல காட்சி.

"நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?"

"என்னத்தப் பாப்பா... எந்திரிச்சதும் ஒரு டீ. ஆறரைக்கெல்லாம் வயல்ல எறங்கியாச்சு. பத்து மணிக்கு வரப்புல டீயும் போண்டாவும். ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பழைய சோறு. ராத்திரிதான் ஒல வச்சு, கொழம்பு வச்சு நல்லா சாப்புடறது."

"மாத்திரை எப்பப் போடுவீங்க?"

"வேல இருக்கற அன்னைக்குப் போடறதில்ல."

இந்த இடத்தில்தான் மாணவி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். 'மாத்திரையை விடலாமா அம்மா' என்று நாக்கு நுனியில் வரும். வரக்கூடாது. மூன்று நொடி சும்மா இருந்தால் அடுத்த வாக்கியம் தானாக வரும்.

"போட்டுட்டு எறங்குனா கண்ண இருட்டிக்கிட்டு வருது பாப்பா. போன தடவ வரப்புலயே உக்காந்துட்டேன். கூட நட்டவளுவ எல்லாம் சிரிச்சாளுவ."

மாணவியின் பதிவேட்டில் இவர் 'மருந்தைச் சரியாக எடுப்பதில்லை' என்ற கட்டத்தில் டிக் ஆகியிருப்பார். உண்மையில் இவர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் டீயோடு மூன்று மணி நேரம் குனிந்து நட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். இங்கே மாற வேண்டிய பழக்கம் நோயாளியுடையது இல்லை, மருந்துச் சீட்டு எழுதியவருடையது. மாத்திரையின் நேரத்தையோ வகையையோ மாணவி தானாக மாற்றிச் சொல்லக்கூடாது. குறிப்பெழுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதுவரை, மயக்கம் வந்தால் என்ன செய்வது, முந்தானையில் இரண்டு மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ முடிந்துகொள்வது எப்படி என்று சொல்லிவிட்டு வரலாம். சர்க்கரை நோயாளியிடம் சர்க்கரையை முடிந்துகொள்ளச் சொல்வது மாணவிக்கே விசித்திரமாக இருக்கும். அந்த விசித்திரம்தான் பாடம்.

பேச்சு இன்னும் நீண்டால் டீக்கு வரும். "சீனியக் கொறச்சுக்கலாந்தான். ஆனா தூக்குல வாங்கிட்டு வர்றப்பவே போட்டுத்தானே வருது?" என்பார். ஒரு நடவுக் குழுவுக்கு மொத்தமாக வரும் டீயில் ஒருவர் மட்டும் சர்க்கரையைக் குறைக்க முடியாது. அப்படியானால் பேச வேண்டிய ஆள் இவரா, குழுவுக்கு டீ சொல்லும் அம்மாவா? தனி மனிதரின் மன உறுதி பற்றி மேல்நாட்டுப் புத்தகங்கள் நிறையச் சொல்லும். வரப்பில் வைத்த டீத்தூக்கைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. அதை மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: திறந்த கேள்வி கேள், கேட்டதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல், நல்லதாக ஒன்று செய்திருந்தால் அதைச் சொல்லிக் காட்டு, தகவல் சொல்வதற்கு முன் அனுமதி கேள். "உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லும் வாக்கியத்துக்கு இருக்கும் எடை, கேட்காமல் சொல்லும் பத்து வாக்கியத்துக்கு இல்லை. இந்த அனுமதி கேட்பதை மாணவர்கள் முதலில் வெட்கப்பட்டுத் தவிர்ப்பார்கள். விடாதீர்கள்.

இனி உப்பு. தலைப்பில் இருக்கும் கேள்வி இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. எந்த வீட்டிலும் யாரும் உப்பைக் கிராமில் அளப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பது அடுப்படி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். இருபத்தைந்து நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு. உப்பை வேறு எதற்கெல்லாம் எடுக்கிறார்கள் என்று கேட்டுக் கழிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், நாகைப் பக்கம் கருவாடு என்று வெளியிலிருந்து வரும் உப்பைக் கூட்டவும் வேண்டும். கணக்கு துல்லியமாக இருக்காது, பரவாயில்லை. மாணவரும் அந்த வீட்டு அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து போடும் கணக்கு அது. பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது பேச்சைத் தொடங்க அது ஒன்று போதும்.

சோற்றுக்கும் இப்படித்தான். 'இரண்டு கப் சோறு' என்று அச்சடித்த உணவுப் பட்டியலோடு போகாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி உலையில் போடுகிறார்கள், உழக்கா, டம்ளரா, கால் படியா என்று அவர்கள் அளவையிலேயே கேட்டு, சாப்பிடும் தலைகளால் வகுக்கச் சொல்லுங்கள். (மருத்துவமனைச் சுவரில் ஓட்ஸும் பிராக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் படம் போட்டுத் தொங்குகிற அட்டவணைகளை யார் அச்சடிக்கிறார்கள் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். அம்மாப்பேட்டைச் சந்தையில் பிராக்கோலியைத் தேடி யார் அலைவது?)

நெல் விளையும் ஊரில் சோற்றை விடு என்பது நடக்காத காரியம், தேவையும் இல்லை. "ராத்திரி ரெண்டு சப்பாத்தி சாப்பிடுங்க" என்பது நம் மருத்துவர்கள் பலகாலமாகப் பாடும் பாட்டு. வீட்டில் நடப்பது என்னவென்றால், எண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்தி மூன்று, அதற்கு மேல் 'வயிறு நிறையல' என்று ஒரு கை மோர்ச்சோறு. கோதுமையும் மாவுச்சத்துதான். பாரம்பரிய அரிசி விஷயத்திலும் மாணவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நெல் ஜெயராமன் போன்றவர்கள் மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் மீட்டெடுத்ததற்கு இந்தப் பகுதி கடமைப்பட்டிருக்கிறது. தீட்டாத அரிசியில் நார்ச்சத்து கூடுதல் என்பதும் சரி. ஆனால் 'இது சுகருக்கு நல்லது' என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சொல்ல வேண்டியது தட்டின் விகிதம். கீரையோ வாழைத்தண்டுப் பொரியலோ வாழைப்பூவோ முதலில் வரட்டும், பருப்போ முட்டையோ வாய்க்கால் மீனோ கூட வரட்டும், சோறு அதற்குப் பிறகு வரட்டும். பருப்பு ரேஷனில் கிடைக்கிறதா, வாங்குகிறார்களா, வாங்கி வைத்து யாருக்குப் போடுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு குழம்பின் அடியில் மிஞ்சும் தண்ணீரோடு பெண்கள் சோற்றைப் பிசைந்து சாப்பிடும் வீடுகளில், 'சோற்றைக் குறை' என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது 'பட்டினி கிட' என்று சொல்வதுதான்.

நடைப்பயிற்சி அறிவுரையில்தான் நம் மாணவர்கள் அதிகம் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நட்டவரிடம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்? ஆனால் எல்லோருக்கும் எல்லா மாதமும் அப்படி இல்லை. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு வேலை நாள் சுருங்கிவிட்டது. கோடையில் வயலில் இறங்க வேலை இருக்காது, உலையில் போடும் அரிசி மட்டும் அதே அளவு. நிலக்காரர் மோட்டார் சைக்கிளில் வரப்பு வரை போய்வருகிறார். ஆகவே கேள்வி, 'உடற்பயிற்சி செய்கிறீர்களா' என்பது இல்லை. 'எந்த மாதத்தில் வேலை, எந்த மாதத்தில் சும்மா' என்பதுதான். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தார்களா, குறுவை போட்டார்களா, தாளடி உண்டா என்பது தெரியாத மாணவர் இந்த மண்ணில் ஆலோசனை சொல்ல முடியாது. வருகை அட்டவணையைக்கூட இதைப் பார்த்துப் போடுங்கள். சம்பா நடவு நேரத்தில் காலை பத்து மணிக்குக் கல்லூரிப் பேருந்தை விட்டால் பூட்டிய கதவுகளைத்தான் தத்தெடுக்க முடியும். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பும் இப்படி மண்ணுக்கு ஏற்றபடி வளைய வேண்டிய பாடம். 'எப்போதும் செருப்புப் போடுங்கள்' என்று புத்தகம் சொல்கிறது. சேற்றில் செருப்பு போட முடியாது. உணர்ச்சி மரத்துப்போன காலில் நண்டு கிழித்ததும் கண்ணாடித் துண்டு குத்தியதும் தெரியாது. எனவே சொல்ல வேண்டியது: வயலிலிருந்து வந்ததும் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பார்ப்பது. குனிந்து பார்க்க முடியாதவருக்குப் பேத்தி பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பேத்திக்கு மாணவர் அங்கேயே செய்து காட்டட்டும்.

எந்தப் பழக்கத்திலிருந்து தொடங்குவது என்று மாணவர்கள் கேட்பார்கள். தினம் தினம் செய்ய வேண்டியதைக் கடைசியில் வையுங்கள். ஒரு தடவை செய்தால் முடிந்துபோகும் காரியத்தை முதலில் எடுங்கள். டெல்டாவுக்குப் பொருத்தமானது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. தரையில் படுப்பவரைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை, தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கையில் டார்ச், கடித்தால் கீறாமல் கட்டாமல் நேரே அரசு மருத்துவமனை. ஒரு வலை வாங்க வைப்பது, தினம் சோற்றைக் குறைக்க வைப்பதைவிட எளிது. அடுத்த முறை போகும்போது வலை தொங்குவதைப் பார்த்த மாணவருக்கு, தன் பேச்சுக்கும் பலன் உண்டு என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையோடு புகையிலைக்குப் போகலாம்.

புகையிலை இங்கே பெரும்பாலும் வாயில் இருக்கிறது. கும்பகோணம் வெற்றிலையும் சீவலும், வேதாரண்யம் பக்கம் விளையும் புகையிலையும் இந்தப் பகுதியின் பெருமைகள். அதனாலேயே மாணவர்கள் பேசத் தயங்குகிறார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004லேயே அறிவித்துவிட்டது. "எங்க அப்பாயி தொண்ணூறு வயசு வரைக்கும் போட்டுச்சு, அதுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்பார். இதற்குப் பதில் சொல்லி வாதத்தில் ஜெயிக்க முயலும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். "அப்பாயியோட ஞாபகமா போடறீங்களா, இல்லை வேலையில பசி தெரியாம இருக்கவா?" என்று கேட்பவருக்குக் கூட்டிக் கொடுங்கள். பசி, பல்வலி, தூக்கம் வராமல் இருப்பது, கூட்டாளி நீட்டுவது, காரணம் இவற்றில் ஒன்றாக இருக்கும். பல்வலி என்றால் முதலில் பல் மருத்துவரிடம் அனுப்பாமல் புகையிலையை விடச் சொல்லி என்ன பயன்? பேசிய கையோடு டார்ச் அடித்து வாயைப் பார்க்கவும் பழக்குங்கள்: கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, புகையிலையை அடக்கி வைக்கும் இடம். வெள்ளைத் திட்டோ வாய் திறப்பதில் இறுக்கமோ இருந்தால் அன்றே அனுப்பி வைக்க வேண்டும். விட முடிவெடுத்தவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

இங்கே மாணவரிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் சுருக்கமாகச் சொல்லும் அறிவுரையால் கூடுதலாகப் புகையை விடுபவர்கள் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரைதான். முதல் தடவை கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் வருடம் முழுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே தடவைப் பேச்சால் பெரிதாக எதுவும் நடக்காது என்பதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த குழுவும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் நின்றது. ஆலோசனை பெற்றவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள், இடையில் மாதந்தோறும் தொலைபேசியில் பேசினார்கள். மாதம் ஒரு போன், அவ்வளவுதான். நம் மாணவர்களின் கையில் போன் இல்லாத நேரம் எது? தத்தெடுத்த குடும்பத்துக்கு மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம், மாலை ஏழு மணிக்கு. பதிவேட்டில் தேதியும், பேசியதன் ஒரு வரிச் சுருக்கமும். இதைக் கட்டாயமாக்குங்கள்.

பேச்சு எந்தத் தமிழில் நடக்க வேண்டும் என்பதில் வகுப்பிலேயே உங்களுக்கு உதவி இருக்கிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், நடவுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் உங்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நோயாளியாக நடிக்கும் பகுதியை விருப்பமுள்ளவர்களுக்குக் கொடுங்கள். வீட்டுக் கதையைச் சபையில் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள், அது வேறு வகைக் கொடுமை. 'இந்தக் கேள்வியை உங்கள் ஊரில் எப்படிக் கேட்பார்கள்?' என்று கேட்டால் போதும், பதில் தயாராக வரும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வரும் தமிழ் தெரியாத மாணவர்களை இவர்களோடு இணைத்து அனுப்புங்கள். மொழி தெரியாதவருக்கு ஒரு வசதி உண்டு. குறுக்கே பேச முடியாததால் அவர் அடுப்படியை நன்றாகப் பார்ப்பார்.

மதிப்பெண் விஷயம். செய்முறைத் தேர்வில் ஒரு நிலையத்தை ஆலோசனைக்கு ஒதுக்குங்கள். துறைத் தலைவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் உள்மதிப்பீட்டிலாவது ஐந்து மதிப்பெண். மாணவர் எவ்வளவு தகவல் சொன்னார் என்று பார்க்காதீர்கள். யார் அதிகம் பேசியது, நோயாளியா மாணவரா? தகவல் சொல்லும்முன் அனுமதி கேட்டாரா? என்ன செய்யப் போகிறோம் என்பதைக் கடைசியில் நோயாளியே தன் வாயால் சொன்னாரா? ஒரு விஷயத்தோடு நிறுத்தினாரா, ஏழு விஷயத்தை அடுக்கினாரா? மறுபடி எப்போது பார்ப்பது என்று பேசிக்கொண்டார்களா? இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு மதிப்பெண். பயிற்சி மருத்துவர்களாக வரும்போது இதையே புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லுங்கள்: ஒரு கேள்வி, ஒரு மாற்றம், ஒரு தேதி.

ஆலோசனையின் எல்லையையும் மாணவருக்குக் காட்டிவிடுங்கள். ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய, தனி மனிதரின் நோய்க்குக் காரணம் வேறு, ஒரு சமூகமே நோய்ப்படுவதற்குக் காரணம் வேறு என்று பிரித்துக் காட்டும் கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, பிறகு ரேஷன் கடைக்கு அழைத்துப் போங்கள். அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, காய்கறிக்குக் கையிலிருந்து போட வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டுதான் அந்த அம்மா தன் தட்டை நிரப்புகிறார். அதைப் பார்த்த மாணவர் 'இவர்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள்' என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களைத் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கவைத்துப் பழக்குவது பல பத்தாண்டு வழக்கம். நம் கல்லூரிகளால் தங்கவைக்க முடியாமல் போகலாம், ஒரு சமையல் வேளை முழுக்க ஒரு வீட்டில் உட்கார வைக்க முடியும்.

கடைசியாக, வகுப்புக்கு ஒரு விருந்தினர் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து பேராசிரியரைத் தேடாதீர்கள். அந்தக் கிராமத்தில் மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் மாத்திரை அரிசிப்பானைக்குள் சேர்ந்துகொண்டே போகிறது, யார் மருமகள் எதிரில் வாங்கமாட்டார், யாரிடம் எந்த நேரத்தில் பேசினால் காது கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பெயரைச் சொல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். மேடையில் நாற்காலி போடுங்கள், மாணவர்கள் குறிப்பெடுக்கட்டும். பேருந்துச் செலவையும் அன்றைய மதியச் சாப்பாட்டையும் துறைக் கணக்கில் எழுதிவிடுங்கள், அவர் தன் வேலையை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு வருகிறார்.